அடுக்களையும் ஆட்சிமுறையும்

நுழையும்முன்

பசித்தவர்க்கு உணவளித்தல் அறம் என்று நம் இலக்கியங்கள் பேசுகின்றன. அளிக்கப்படும் உணவு தீங்கு செய்யாமல் காப்பது யாருடைய பொறுப்பு? சமைப்பவருடையதா, விற்பவருடையதா, உண்பவருடையதா, அரசுடையதா? நாம் நாள்தோறும் காணும் பள்ளிச் சமையற்கூடத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பசியைப் பிணி என்று பெயரிட்டு அழைத்த மொழி நம்முடையது. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஏந்திய இளம்பெண் காவிரிப்பூம்பட்டினத்தில் ஏழைகளுக்கு உணவளிக்கிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகையின் துயரைப் போக்குகிறாள். பின்னர் அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். இக்காப்பியத்தைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் பாத்திரத்தின் அற்புதத்திலேயே நின்றுவிடுகிறோம். வகுப்பில் நடத்தும்போது சிறைக்கோட்டப் பகுதியில் சற்று நிறுத்துவது என் வழக்கம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரமே கையில் இருந்தும், நாள்தோறும் பலருக்கு உணவளிக்க ஓர் இடமும் அரசனின் இசைவும் அவளுக்கு வேண்டியிருந்தன.

தமிழகத்தின் அண்மைக்கால வரலாறும் அவ்வாறு இடமும் இசைவும் தேடிய வரலாறே. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியொன்றில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் 1956-இல் அதனை மாநிலத் திட்டமாக விரித்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. இந்தியா முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2001 நவம்பரில்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே நம் பள்ளிகளில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

1982-இல் நான் நான்காம் வகுப்பில் படித்தேன். அலுமினியத் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றவர்களுள் நானும் ஒருவன். தட்டில் விழுந்த சூடான சோறும் சாம்பாரும் எங்கிருந்து வந்தன, எந்தத் தண்ணீரில் வெந்தன என்று நாங்கள் கேட்டதில்லை. பசித்த பிள்ளைக்கு உணவு வந்ததே போதுமானதாக இருந்தது. ஆசிரியனாகி அதே போன்ற தட்டுகளுக்கு முன்னால் நின்றபோதுதான் அவ்வினா எனக்குள் எழுந்தது.

ஒரு சொல், இரு பொருள்

தமிழாசிரியன் என்னும் முறையில் ஒரு சொற்சிக்கலைச் சுட்ட வேண்டும். 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றைத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம். 2006-இல் இயற்றப்பட்ட மற்றொன்றை உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் என்கிறோம். இரண்டிலும் 'உணவுப் பாதுகாப்பு' என்னும் தொடர் உள்ளது, பொருளோ வேறு. முன்னது, உணவு கிடைக்கும் என்பதற்கான உறுதி. பின்னது, கிடைத்த உணவு உடலுக்குத் தீங்கு செய்யாது என்பதற்கான உறுதி. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு வேறு சொற்கள் உண்டு. தமிழில் ஒரே தொடரால் இரண்டையும் சுட்டுகிறோம். கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்த சிறு குறை என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் இக்குறை சொல்லோடு நின்றுவிடவில்லை என்பது என் எண்ணம். உணவு கிடைத்துவிட்டால் அது நல்லுணவாகவும் இருக்கும் என்று நம்பிவிடும் பழக்கம் நம் சிந்தனையிலும் நிருவாகத்திலும் ஊறியிருக்கிறது. குழப்பம் நேராதிருக்க, முன்னதை உணவு உறுதி என்றும் பின்னதை உணவுக் காப்பு என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

உணவுக் காப்பு எவ்வளவு பெரிய பொது நலச் சிக்கல் என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் மாசுற்ற உணவால் நோயுறுகின்றனர் என்றும், 4,20,000 பேர் இறக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. இறப்போருள் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நல்ல உணவு எது என்று தேர்ந்து உண்ணும் வாய்ப்பே இல்லாத பருவம் அது. 'பார்த்து வாங்குங்கள், பார்த்து உண்ணுங்கள்' என்று பொதுமக்களுக்கு நாம் வழங்கும் அறிவுரை அக்குழந்தைகளைக் காப்பாற்றுமா?

இரண்டு ஜூலை 16

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த இடத்தில் பற்றிய தீ, கூரைக்குத் தாவியது. மாடியில் ஓலைக் கூரையின் கீழ் நெருக்கமாக அமர்ந்திருந்த சிறு பிள்ளைகளுள் 94 பேர் உயிரிழந்தனர். உணவில் எக்குறையும் இல்லை. ஆனால் அடுப்புக்கும் வகுப்புக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. மாடியிலிருந்து விரைந்து வெளியேறப் போதிய வழி இல்லை. எளிதில் தீப்பற்றும் கூரையின் கீழ் வகுப்பு நடத்தக்கூடாது என்று தடுத்தவர் எவரும் இல்லை. இவ்விபத்தை விசாரிக்க நீதிபதி சம்பத் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழகப் பள்ளிகளிலிருந்து கூரைகள் அகற்றப்பட்டன. இன்று நீங்கள் காங்கிரீட் தளத்தின் கீழ் அமர்ந்து இப்பாடத்தைப் படிப்பதற்குப் பின்னால் அந்த 94 பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே ஜூலை 16, ஒன்பது ஆண்டுகள் கழித்து. 2013-இல் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் உள்ள தர்மசதி கந்தமன் என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு உண்டனர். சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கின. 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியது.

இந்நிகழ்வைப் பற்றி அன்று நாளிதழ்களில் படித்தவற்றுள் ஒரு செய்தி என்னை விட்டு இன்னும் அகலவில்லை. எண்ணெயின் நாற்றம் வழக்கம்போல் இல்லை என்பதைச் சமைத்த பெண்மணி உணர்ந்திருந்தார். அதனை எடுத்தும் சொன்னார். அவர் சொல் ஏற்கப்படவில்லை என்று செய்திகள் தெரிவித்தன. உணவின் சுவை சரியில்லை என்று பிள்ளைகளும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களையும் உண்ணச் சொன்னார்கள். அந்த உணவை உண்ட சமையற்பெண்மணியும் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள். நஞ்சை முதலில் அறிந்தது ஆய்வகம் அன்று, அடுக்களை. கருவி எதுவும் இல்லாமல் ஒரு மூக்கும் சில நாக்குகளும் அதனைக் கண்டுபிடித்துவிட்டன. இருந்தும், கண்டுபிடித்தவர்களின் சொல்லுக்கு மதிப்பில்லை. அக்காலத்தில் சமையலருக்கு நடுவண் அரசு வகுத்திருந்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்கு மட்டும். அந்த ஊதியத்தையும் இழந்துவிடும் நிலையில் உள்ள ஒருவர், தமக்கு மேலுள்ளவரிடம் 'இந்த எண்ணெயில் சமைக்க மாட்டேன்' என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இக்கட்டுரையின் கருத்து இங்கேதான் பிறக்கிறது. உணவுக்கு மிக அருகில் நிற்பவர் 'இது வேண்டாம்' என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் உணவுக் காப்பு இருக்கும். அப்படிச் சொல்லும் துணிவு தனிமனிதரின் குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஆட்சிமுறை அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

பல்லியின் மீது பழி

பள்ளியிலோ விடுதியிலோ பலர் ஒருசேர வாந்தியெடுத்தால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரு பல்லி இடம்பெற்றுவிடும். 'உணவில் பல்லி விழுந்தது' என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். நம் வீட்டுச் சுவர்களில் வாழும் பல்லி நஞ்சுடைய உயிரன்று. அதன் கழிவில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிர்கள் இருக்கலாம். ஆகவே அது விழுந்த உணவை உண்ணலாகாது என்பது உண்மையே. ஆனால் நோய்க்குக் காரணம் பலவேளைகளில் வேறிடத்தில் இருக்கும். அதிகாலையில் வடித்த சோற்றை இளஞ்சூட்டில் நண்பகல்வரை மூடிவைத்தால் என்ன ஆகும்? அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, உணவை மீண்டும் சூடேற்றினாலும் அழிவதில்லை. 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருப்பதும், சமைப்பதற்கும் உண்பதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பதுமே வழி. அதற்கு நல்ல பாத்திரங்களும் போதிய ஆட்களும் வேண்டும். அவற்றைக் கேட்டால் செலவு. பல்லியைக் குற்றம் சொன்னால் செலவில்லை.

தனி ஒருவர் மீது பழி சுமத்தி ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளும் இப்பழக்கம் பெரிய நிகழ்வுகளிலும் தொடர்கிறது. பேராசை கொண்ட வணிகர், கவனமில்லாத சமையலர், பொறுப்பற்ற தலைமையாசிரியர் என யாரேனும் ஒருவர் அகப்படுவார். குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பீகார் நிகழ்வில் அப்பள்ளியின் தலைமையாசிரியர் 2016-இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். ஆனால் அத்துடன் கதை முடிந்துவிட்டதா? மோனோகுரோட்டோபாஸ் பயன்பாட்டால் இந்தியாவில் விளையும் உடல்நலக் கேடுகளைத் தொகுத்து உலகச் சுகாதார நிறுவனம் 2009-லேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. கொடிய நஞ்சு என வகைப்படுத்தப்பட்ட ஒரு பொருள், சிற்றூர்க் கடையில் எளிதில் கிடைக்கும் பொருளாக இருந்தது. அது இருந்த கலன் சமையற்பொருள்களுக்கு அருகில் வர முடிந்தது. அப்பள்ளிக்கு ஒழுங்கான கட்டடமும் இல்லை, பொருள்களைப் பூட்டிவைக்க ஓர் அறையும் இல்லை. வேளாண்மை, கல்வி, உணவு வழங்கல், நலவாழ்வு ஆகிய துறைகள் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நின்றிருந்தன. எல்லைகளுக்கு இடையே கிடந்த வெற்றிடத்தில்தான் அந்த எண்ணெய் பயணம் செய்தது.

இன்னொரு நிகழ்வு. 1998-இல் தில்லியில் கடுகு எண்ணெய் உண்டவர்களுக்குக் கால்கள் வீங்கின; மூச்சுத் திணறியது; சிலருக்கு இதயம் செயலிழந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 3,000 பேர் பாதிக்கப்பட்டனர். கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. மஞ்சள் பூவும் முள்நிறைந்த இலையும் கொண்ட அச்செடியை நம் ஊர்த் தரிசு நிலங்களிலும் நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் விதை கடுகைப் போலவே தோன்றும். வாங்குபவர் கண்ணால் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் எண்ணெயில் அதனைக் கண்டுகொள்ள முடியாது. இந்நோய் 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் அறியப்பட்டது. அறிந்த நோய், அறிந்த காரணம், இருந்தும் நூறாண்டு கழித்துத் தலைநகரிலேயே மக்கள் மாண்டனர். கடுகு எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது என்று அரசு அப்போது தடை விதித்தது. அவசரத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆயினும் இத்தகைய தடைகள், நேர்மையாகத் தொழில் செய்தும் பொட்டலமிட முதலில்லாத சிறிய செக்குக்காரரையே முதலில் முடக்குகின்றன. தெருவோரத் தள்ளுவண்டியைக் கவிழ்ப்பது எளிது. எண்ணெய் வந்த வழியைப் பின்தொடர்ந்து செல்வது கடினம். எளியதைச் செய்து கடினமானதைத் தவிர்க்கும் ஆட்சிமுறையை நான் உணவுக் காப்பு என்று ஏற்கமாட்டேன்.

சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் வந்தது. பெயரே சொல்வதுபோல் அதன் நோக்கம் கலப்படத்தைத் தடுத்தல். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி சென்று, உற்பத்தி முதல் விற்பனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் உணவு தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. அதன்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அமைந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. தீங்கான உணவால் ஒருவர் இறக்க நேர்ந்தால், அதற்குக் காரணமானவருக்கு வாழ்நாள் சிறையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது.

தெரிந்து தெளிவோம்: கடையில் வாங்கிய உணவுப்பொருளின் தரத்தில் ஐயம் எழுந்தால், அதிகாரிகள் மட்டுமல்லர், வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதனைச் சோதிக்கக் கொடுக்கலாம். அவ்வாறு சோதிக்கப்போவதை வாங்கும்போதே விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரியவந்தால் செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இவ்வுரிமையை வழங்குகிறது.

நல்ல சட்டந்தான். ஆனால் அது வயல் வரப்பின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. உழவர்க்கும் மீனவர்க்கும் பண்ணைத் தொழிலுக்கும் அது பொருந்தாது என்று 18-ஆம் பிரிவே கூறுகிறது. உழவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது என்னும் நோக்கம் நியாயமானதே. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியை 1968-ஆம் ஆண்டு வந்த வேறொரு சட்டம் ஆள்கிறது; அதனைப் பார்ப்பது வேளாண் துறை. ஒரே கத்தரிக்காய் வயலில் இருக்கும்போது ஒரு துறைக்கும், சந்தைக்கு வந்தபின் இன்னொரு துறைக்கும் உரியதாகிவிடுகிறது. காயில் படிந்த மருந்துக்கு இப்படிப்பட்ட எல்லைகள் தெரியா. மருந்தடித்த எத்தனையாம் நாள் காயைப் பறிக்கலாம் என்று உழவருக்குச் சொல்லும் கடமை, கடைக்காரரைச் சோதிக்கும் கடமையைவிடச் சிறியதன்று. பெரும்பாலான ஊர்களில் அந்த அறிவுரையை இன்று சொல்பவர் யார்? மருந்தை விற்பவரே சொல்கிறார்.

இன்னொன்றும் கூற வேண்டும். தண்டனை என்பது தீங்கு நேர்ந்தபின் வருவது. எவ்வளவு கடுமையான தண்டனையாயினும் அது கடந்த காலத்தோடு பேசுகிறது. நண்பகல் உணவு மணியடிக்கும் முன் அந்த உணவைத் தடுத்து நிறுத்துவது எது என்பதே கேள்வி.

சுவைப் பதிவேடு

அவ்வாறு தடுக்கும் ஏற்பாடு ஒன்று விதிகளில் இருக்கவே செய்கிறது. பள்ளியில் உணவு பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவரேனும் அதனை உண்டு பார்க்க வேண்டும். மதிய உணவு குறித்து 2015-இல் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், சமைத்த உணவை அவ்வப்போது ஆய்வகத்தில் சோதிக்கவும் வழி செய்கின்றன. உண்டு பார்த்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் ஆசிரியர் கையொப்பமிட வேண்டும்.

இங்கே என் கதையைச் சொல்லாமல் மேற்செல்வது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அப்பொறுப்பு சுழற்சி முறையில் எனக்கும் வந்தது. முதல் சில நாள்கள் ஆர்வத்துடன் சமையற்கூடத்துக்குச் சென்று ஒரு கரண்டி சோறும் குழம்பும் வாங்கி உண்டு பார்த்தேன். பின்னர் விடைத்தாள்கள் சேர்ந்தன. தேர்வு நெருங்கியது. திங்கள்முதல் வெள்ளிவரை ஐந்து நாள்களுக்கும் வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே அமர்வில் கையொப்பமிட்டேன். 'சுவை நன்று' என்று ஐந்து முறை எழுதினேன். ஐந்தில் ஒரு நாள்கூட நான் சுவைத்திருக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டி, கட்டங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு தாமும் கையொப்பமிட்டுச் சென்றார். தர்மசதி கந்தமன் செய்தியை 2013-இல் படித்த இரவில் அந்த ஐந்து கையொப்பங்கள்தான் என் நினைவுக்கு வந்தன. அவ்வாரத்தில் எத்தீங்கும் நேரவில்லை என்பது என் கடமையுணர்வால் நிகழ்ந்ததன்று.

நம் ஆட்சிமுறையில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. அரிசி எத்தனை கிலோ வந்தது, எத்தனை செலவானது, முட்டை எத்தனை, உண்டோர் எத்தனை பேர் என்று அவை துல்லியமாகக் கேட்கின்றன. அரிசியில் வண்டு இருந்ததா, எண்ணெய் எப்படி மணத்தது, கிணற்றுநீர் மழைக்குப் பின் கலங்கியதா என்று அவை கேட்பதில்லை. எண்ணிக்கை தவறினால் சத்துணவு அமைப்பாளர் விளக்கம் எழுத வேண்டும். தரம் தவறினால் எழுதுவதற்குப் பதிவேட்டில் பத்தியே இல்லை. திருட்டைத் தடுக்க அமைந்த கணக்குமுறை அது. திருட்டைத் தடுப்பதும் வேண்டியதே. ஆனால் நோயைத் தடுப்பதற்கு அது அமைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டால்தான் மாற்றத்தைப் பற்றிப் பேச முடியும்.

மிதந்த முட்டைகள்

சமைப்பவருக்கு மறுக்கும் உரிமையைக் கொடுத்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்க நேருமே என்று சிலர் கேட்பர். இது தள்ளிவிடக்கூடிய எதிர்ப்பன்று. பல பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் முழு உணவே பள்ளியில் கிடைப்பதாக இருக்கும். ஆனால் இதற்கும் விதிகளில் விடை உண்டு. தானியமோ எரிபொருளோ சமையலரோ இல்லாமல், அல்லது வேறு எக்காரணத்தாலாயினும் ஒரு நாள் உணவு வழங்க இயலாமற்போனால், அதற்கு ஈடான தானியத்தையும் சமையல் செலவையும் மாணவருக்கு உணவு உறுதிப் படியாக வழங்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 'வேறு எக்காரணம்' என்பதற்குள், 'பொருள் சரியில்லை' என்று சமையலர் மறுத்ததும் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். அதனை வெளிப்படையாக எழுதிவிட்டால் இன்னும் நல்லது. மறுத்தவருக்குத் தண்டனை இல்லை, மாற்றுப்பொருள் இன்ன நேரத்துக்குள் வந்து சேரும், வராவிட்டால் இன்னார் பொறுப்பு என்ற மூன்று வரிகள் போதும்.

அத்தகைய மறுப்பு ஒன்றை நான் நேரில் கண்டேன். பின்னர் நான் பணிபுரிந்த பள்ளியில் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் சமையலராக இருந்த அம்மையாரைப் பிள்ளைகள் அனைவரும் ஆயாம்மா என்று அழைப்பார்கள். முட்டை வரும் நாளில் அவர் ஓர் அகன்ற அண்டாவில் தண்ணீர் நிரப்பி முட்டைகளை இடுவார். நல்ல முட்டை அடியில் கிடக்கும். நாள்பட நாள்பட முட்டைக்குள் ஈரம் குறைந்து காற்றறை பெரிதாகும். கெட்ட முட்டை மிதக்கும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர் இதனைக் கற்றதில்லை. தம் தாயிடம் கற்றதாகச் சொன்னார்.

ஒரு நாள் அண்டாவில் பாதிக்கும் மேற்பட்ட முட்டைகள் மேலே வந்தன. முட்டை கொண்டுவந்தவர் வாயிலில் காத்திருந்தார். 'எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்' என்று அமைப்பாளரை அவசரப்படுத்தினார். அமைப்பாளர் தயங்கினார். ஆயாம்மா என்னிடம் வந்து, 'ஐயா, இந்த முட்டையை நான் அவிக்க மாட்டேன். நீங்கள் வந்து பாருங்கள்' என்றார். குரல் நடுங்கியது. நான் சென்று பார்த்தேன். 'அம்மா சொல்வது சரி. இவற்றைத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள்' என்று வந்தவரிடம் கூறினேன். அவர் யார் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். மேலிடத்திலிருந்து தலைமையாசிரியருக்கும் ஓர் அழைப்பு வந்தது. தலைமையாசிரியர் அதனைக் கேட்டுக்கொண்டாரே தவிர, அமைப்பாளரைக் கையெழுத்திடச் சொல்லவில்லை.

அன்று பிள்ளைகளுக்கு முட்டையில்லை. சோறும் சாம்பாரும் மட்டும் பரிமாறப்பட்டன. ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காலித் தட்டோடு திரும்பி வந்து, 'முட்டை எங்கே ஆயாம்மா?' என்று கேட்டான். 'நாளைக்கு வரும் கண்ணு' என்றார். நாளைக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் புதிய முட்டைகள் வந்தன. அண்டாவில் தண்ணீர் நிரப்பி அவர் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டபோது நானும் அருகில் நின்றேன். பின்னர் ஒரு தட்டில் சோறு வாங்கி உண்டுவிட்டு, பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே மட்டும் கையொப்பமிட்டேன்.